நிற்காத செவ்வாய்க்கு ஒரு பலி: சீனத்து ‘இதய’ நட்சத்திரமும் அதன் நிமித்தங்களும்

கி.மு. 7ஆம் ஆண்டு, சீன நாட்காட்டிப்படி இரண்டாம் மாதம். ஹான் பேரரசின் தலைநகரான சாங்ஆனில், தலைமையமைச்சர் ஜாய் ஃபாங்ஜின் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. கையில் செங் பேரரசரின் கடிதம். கூடவே பத்து ஷி உயர்ந்த மது, கொழுத்த மாடு ஒன்று. ஷி என்பது அந்தக் காலத்து முகத்தல் அளவை. பார்க்கிறவர்களுக்குச் சீர்வரிசை போலத்தான் இருந்திருக்கும். ஆனால் மதுவும் மாடும் சேர்ந்து வந்தால் என்ன பொருள் என்று ஹான் அரசவையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வானத்தில் பெரிய தீக்குறி தோன்றினால் இந்த இரண்டையும் தலைமையமைச்சருக்கு அனுப்புவார்கள். கொண்டுவந்த தூதர் திரும்பும் வழியில் பாதி தூரம் போவதற்குள் அமைச்சர் தனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பிவிட வேண்டும். தூதர் அரண்மனை சேர்ந்து வாய் திறப்பதற்குள் அமைச்சர் இறந்த செய்தி அங்கே வந்திருக்கும். ஹான் கால வழக்கங்களைச் சொல்லும் குறிப்புகள் இதை ஒரு சடங்கு மாதிரியே விவரிக்கின்றன.

ஜாய் ஃபாங்ஜின் அன்றே தற்கொலை செய்துகொண்டார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். படிக்கத் தலைநகருக்குப் புறப்பட்டபோது மாற்றாந்தாய் மனம் பொறுக்காமல் கூடவே வந்து, செருப்பு பின்னி விற்று இவரைப் படிக்க வைத்தாள். அப்படி மேலே வந்து, கி.மு. 15இல் தலைமையமைச்சர் ஆனவர். அவரைக் கொன்ற தீக்குறி இதுதான்: ‘செவ்வாய், இதயத்தில் நிற்கிறது.’

இந்த ‘இதயம்’ எது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்வது சுலபம். நம் பஞ்சாங்கத்தில் அதன் பெயர் கேட்டை. விருச்சிகத்தின் நடுவே செக்கச்செவேல் என்று மின்னும் ஒரு பெரிய விண்மீன், இருபுறமும் மங்கலாக ஒவ்வொன்று. சீனர்கள் இந்த மூன்றையும் சேர்த்து ‘ஷின்’, அதாவது இதயம் என்றார்கள். நமக்குத் தேளாகத் தெரிவது அவர்களுக்கு ஒரு மாபெரும் டிராகனின் உடல். கொம்பு, கழுத்து, அடி, அறை, இதயம், வால், முறம் என்று கிழக்குத் திசை டிராகனுக்கு ஏழு நட்சத்திரங்கள். இதில் ‘அறை’ நம் அனுஷம், ‘வால்’ நம் மூலம். முறம் எப்படி டிராகனின் உறுப்பாயிற்று என்று கேட்காதீர்கள். வடக்கு, மேற்கு, தெற்குக்கும் ஏழேழு சேர்த்து மொத்தம் இருபத்தெட்டு. நிலா வானத்தைச் சுற்றிவரும்போது இரவுக்கு இரவு தங்கிப்போகும் விடுதிகள் இவை என்பது வழக்கமான விளக்கம்.

ஆனால் நம் நட்சத்திரங்களைப் போல இவை சம அளவானவை அல்ல. ஹான் காலக் கணக்கில் வானவட்டத்துக்கு 365¼ பாகை. அதில் ‘கிணறு’ என்ற விடுதிக்கு மட்டும் 33 பாகை, இதயத்துக்கு வெறும் 5. இருபத்தெட்டு பெயர்களும் ஒரே இடத்தில் எழுதப்பட்டுக் கிடைத்த மிகப் பழைய சான்று ஒரு அரக்குப் பெட்டியின் மூடி. ஸெங் என்ற சிறு நாட்டை ஆண்ட யி என்பவரின் கல்லறையில் 1978இல் கிடைத்தது. கல்லறையின் காலம் சுமார் கி.மு. 433. மூடியின் நடுவில் சப்தரிஷி மண்டலத்தைக் குறிக்கும் பெரிய எழுத்து, அதைச் சுற்றி நட்சத்திரப் பெயர்கள், ஒரு பக்கம் டிராகன், மறுபக்கம் புலி. இப்போது ஊஹான் நகரில் ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த விண்மீன் முதலில் அரசனைப் பற்றியதே அல்ல. அதன் பழைய பெயர் ‘பெருந்தீ’. வசந்தத்தில் பொழுது சாயும் நேரத்துக்கு அது கிழக்கே எழும். உழவு தொடங்கும் காலம். கோடை நடுவில் தெற்கே உச்சியில் நிற்கும். அப்புறம் மேற்கே சரியத் தொடங்கினால் குளிர் வரப்போகிறது, துணி தைத்து வைக்க வேண்டும். ‘ஏழாம் மாதம் தீ வழிகிறது’ என்று மிகப் பழைய சீனப் பாட்டு ஒன்று ஆரம்பிக்கிறது. இதில் தீ என்பது வெயில் அல்ல, இந்த விண்மீன்; அடுத்து வரும் பேச்சே குளிருக்கான உடுப்பைப் பற்றியது. இன்றைக்குச் சீனாவில் பலரும் இதை ‘ஜூலை வெயில் நெருப்பாய்க் கொட்டுகிறது’ என்ற பொருளில் எழுதுகிறார்கள், தமிழாசிரியர்கள் போலவே அங்கும் மொழி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பெருந்தீயைப் பார்த்துக்கொண்டிருக்க ‘தீ அதிகாரி’ என்று ஒரு பதவியே இருந்ததாக மரபு சொல்லும். எபோ, ஷிச்சென் என்று இரண்டு சகோதரர்கள், தினமும் ஆயுதம் எடுத்துச் சண்டை. பொறுக்க முடியாமல் அரசர் மூத்தவனைக் கிழக்கே ஷாங்சியூவுக்கு அனுப்பிப் பெருந்தீயைக் கவனிக்கச் சொன்னார். இளையவனை மேற்கே அனுப்பி, ஓரியன் விண்மீன்களைக் கவனிக்கச் சொன்னார். ஒன்று எழும்போது மற்றது மறைந்துவிடும், இரண்டும் சேர்ந்து வானத்தில் இருப்பதே இல்லை. இனிமேல் சந்திக்க முடியாத நண்பர்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரு விண்மீன்களைச் சொல்வது பின்னால் சீனக் கவிதையில் நிலைத்த உவமையாகிவிட்டது. ஹெனான் மாகாணத்தின் ஷாங்சியூவில் எபோவின் பெயரில் ஒரு மேடு இன்றும் உண்டு.

கன்பூசியஸ் இந்த விண்மீனை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. கி.மு. 483இல், பன்னிரண்டாம் மாதம் என்று நாட்காட்டி சொன்ன நேரத்தில் லூ நாட்டில் வெட்டுக்கிளி வந்தது. குளிர்காலத்தில் வெட்டுக்கிளியா, என்ன கேடோ என்று கேட்டார்கள். அவர் நிமித்தம் எதுவும் சொல்லவில்லை. பெருந்தீ அடங்கிய பிறகுதான் பூச்சிகள் ஒடுங்கும். அது இன்னும் மேற்கே தெரிகிறதே, நாட்காட்டி போட்டவர்கள் கணக்கில் தவறிவிட்டார்கள் என்றாராம். எனக்கு இந்த விண்மீனைப் பற்றிய கதைகளில் மிகப் பிடித்தது இதுதான். வானத்தைப் பார்த்து மனிதனின் தவறைத் திருத்துகிறார், மனிதனின் தலையை எடுக்கவில்லை.

ஆனால் நிமித்தம் பார்ப்பவர்களும் அப்போதே இருந்தார்கள். கி.மு. 525இல் பெருந்தீ அருகே ஒரு வால்வெள்ளி. வால்வெள்ளி துடைப்பம், பழையதைக் கூட்டித் தள்ளும். தீயின் இடத்தில் தோன்றினால் தீ விபத்து வரும் என்று கணித்தார்கள். ஜெங் நாட்டு நிமித்திகர் பீ ஸாவ், பரிகாரத்துக்கு விலையுயர்ந்த மணிக்கல் பாத்திரங்களைக் கேட்டார். அமைச்சர் ஸிச்சான் தரவில்லை. அடுத்த ஆண்டு நிஜமாகவே நான்கு நாடுகளில் தீப்பிடித்தது. பீ ஸாவ் திரும்ப வந்தார்: நான் சொன்னபடி செய்யாவிட்டால் இன்னொரு முறை பற்றும். ஊரே பயந்து, கேட்டதைக் கொடுத்துவிடுங்கள் என்றது. ஸிச்சான் அசையவில்லை. வானத்தின் வழி தொலைவானது, மனிதரின் வழி பக்கத்தில் இருக்கிறது, ஸாவுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும், நிறையப் பேசுகிறவர், ஏதாவது ஒன்று பலிக்காமலா போகும் என்றார். பாத்திரங்களைக் கொடுக்கவில்லை, மறுபடி தீயும் பிடிக்கவில்லை என்று அந்தப் பழைய வரலாறு முடிக்கிறது.

ஹான் காலத்துக்கு வரும்போது காட்சி மாறிவிட்டது. அரசவையின் வானியல் அதிகாரியாகவும் இருந்த வரலாற்றாசிரியர் சிமா சியான், கி.மு. 100ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியபோது இதய நட்சத்திரம் அரசனின் கொலுமண்டபம் ஆகியிருந்தது. நடுவில் இருக்கும் பெரிய விண்மீன் வானரசன். முன்னும் பின்னும் இருப்பவை அவன் பிள்ளைகள். முன்னது பட்டத்து இளவரசன் என்றும் பின்னது மற்ற மகன் என்றும் பிறகு பிரித்தார்கள். மூன்றும் நேர்கோட்டில் நிற்கக் கூடாது, நின்றால் அரசனின் திட்டம் தவறும் என்கிறார் சிமா சியான். இதில் ஒரு வேடிக்கை: அந்த மூன்றும் லேசாக வளைந்துதான் இருக்கின்றன, இரண்டாயிரம் ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகரவும் இல்லை. நேராக நின்றது என்று யாராவது சொன்னால், அன்று வானம் நேராக இருந்தது என்று பொருளல்ல, அன்று சொன்னவருக்கு அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்று பொருள்.

இந்திய வழக்கில் கேட்டையின் தேவதை இந்திரன், தேவர்களுக்கு அரசன். சமஸ்கிருதப் பெயரின் பொருள் ‘மூத்தவள்’. நம்மூரில் கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்று சொல்லி எத்தனை சம்பந்தம் தட்டிப்போயிருக்கிறது! இரண்டு ஊரிலும் இந்தச் சிவப்பு விண்மீனைப் பார்த்தவர்களுக்கு வீட்டில் மூத்தவர், நாட்டில் பெரியவர் நினைவு வந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு மரபும் நேராகச் சந்தித்தது வெகு பின்னால். தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகச் சீனம் போன வஜ்ரபோதியின் சீடர் அமோகவஜ்ரர். குருவின் மறைவுக்குப் பிறகு இலங்கைக்கு வந்து நூல்களைத் திரட்டிப் போனவர். அவர் கி.பி. 759இல் சீனத்தில் வெளியிட்ட நட்சத்திர நூலில் இதயமும் கேட்டையும் ஒன்று என்று வைத்தார். தலைமையமைச்சர் செத்து அதற்குள் 760 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இனி செவ்வாய். சீனத்தில் அதன் பழைய பெயர் யிங்ஹுவோ. மினுக்கி மயக்குவது என்று சொல்லலாம். நிறத்திலும் ஒளியிலும் அடிக்கடி மாறும், போகிற திசையும் மாறும் என்பதால் வந்த பெயர். எவ்வளவு நல்ல அரசன் ஆண்டாலும் யிங்ஹுவோ எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சிமா சியான் பதிந்த எச்சரிக்கை. அதே சிவப்பு நிறத்தில் இதயத்தின் நடுவில் ஒரு விண்மீன். கிரேக்கர்கள் இதற்கு ‘செவ்வாய்க்கு எதிரி’ என்றே பெயர் வைத்தார்கள், அந்தாரஸ். நம் பேச்சிலும் ‘கேட்டை மூட்டை செவ்வாய்க்கிழமை’ என்று ஒரு தொடர் உண்டு.

செவ்வாய் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதயத்தைக் கடந்துதான் போகும். அது பெரிய செய்தியல்ல. வக்கிரம் அடையும்போதுதான் பயம். நம் பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போய்ச் செவ்வாயை முந்தும் வாரங்களில், செவ்வாய் நின்று, பின்னோக்கிப் போய், மறுபடி நின்று, முன்னோக்கி வருவதாகத் தெரியும். 780 நாளைக்கு ஒருமுறை இது நடக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். விருச்சிகப் பக்கம் நடப்பது பதினைந்து பதினேழு ஆண்டுக்கு ஒருமுறைதான். அப்படி இதயத்தின் அருகே நின்று காத்துக் கிடப்பதைத்தான் ‘யிங்ஹுவோ ஷோ ஷின்’ என்றார்கள். அரண்மனை வாசலில் ஆயுதத்தோடு ஒருவன் நகராமல் நிற்பது போன்ற காட்சி. பலன்: அரசன் இறப்பான், அல்லது அரியணை போகும்.

இந்தக் குறி யாருக்கு என்பதைத் தீர்மானிக்கவும் ஒரு முறை இருந்தது. வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் மண்ணில் ஒரு நாடு. இதயத்தின் நாடு சோங். அதன் தலைநகர் எபோவின் அதே ஷாங்சியூ. கி.மு. 480இல் செவ்வாய் இதயத்தில் நின்றபோது சோங் நாட்டு ஜிங் கோமகன் கலங்கிப்போனார் என்று கதை. நிமித்திகர் ஸிவெய் சொன்னார்: கேடு உங்களுக்குத்தான், ஆனால் தலைமையமைச்சர் மேல் தள்ளிவிடலாம். அவர் என் கையும் காலும் மாதிரி, வேண்டாம் என்றார் கோமகன். மக்கள் மேல் தள்ளலாமே? மக்கள் செத்தால் நான் யாருக்கு அரசன்? சரி, விளைச்சல் மேல்? பஞ்சம் வந்தால் மக்கள்தானே சாவார்கள்! ஸிவெய் எழுந்து வணங்கி, மூன்று நல்ல சொல் சொன்னீர்கள், இன்றிரவு செவ்வாய் மூன்று இடம் நகரும், உங்கள் ஆயுள் இருபத்தோரு ஆண்டு கூடும் என்றார். நகர்ந்ததாம்.

கதையில் எல்லோரும் கோமகனின் பெருந்தன்மையைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணில் படுவது நிமித்திகர் கையில் இருந்த பட்டியல். கேடு அரசனுடையது என்றாலும் அதை வேறொருவர் தலையில் கட்ட வழி உண்டு, அந்தப் பட்டியலில் முதல் பெயர் தலைமையமைச்சர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்ற சிந்தனையாளர் இந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். மூன்று நல்ல வார்த்தைக்குச் செவ்வாய் நகருமா, அது எப்படியும் நகரவேண்டிய நேரத்தில்தான் நகர்ந்தது. ஸிவெய் அதை முன்பே கணக்கிட்டுத் தெரிந்துவைத்துக்கொண்டு அரசனிடம் நல்ல பெயர் வாங்கியிருப்பார் என்று எழுதினார். சந்தேகப்பட ஆள் இல்லாமல் இல்லை.

முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் 36ஆம் ஆண்டு, கி.மு. 211, இதே குறியோடு தொடங்குகிறது. அதே ஆண்டு தோங் வட்டாரத்தில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் யாரோ ‘முதல் பேரரசன் சாவான், நிலம் பிரியும்’ என்று வெட்டி வைத்தார்கள். எழுதியவன் யார் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாததால், சுற்றி இருந்தவர்கள் எல்லோரையும் கொன்று கல்லையும் எரிக்கச் சொன்னார் பேரரசர். அடுத்த ஆண்டு இறந்தார். அதற்குப் பிறகு ‘செவ்வாய் இதயத்தில்’ என்றால் எந்தப் பேரரசருக்குத் தூக்கம் வரும்?

செங் பேரரசருக்கும் வந்திருக்காது. நட்சத்திரம் பார்க்கத் தெரிந்த பென் லி என்பவர், பெரிய அமைச்சர் ஒருவர் இதை ஏற்க வேண்டும் என்று சொன்னதாக ஹான் வரலாறு குறிக்கிறது. பேரரசர் ஜாய் ஃபாங்ஜினை நேரில் அழைத்துப் பேசினார். அவர் வீடு திரும்பி, இன்னும் முடிவு எடுக்காமல் இருந்தபோதுதான் கடிதமும் மதுவும் மாடும் வந்தன. கடிதத்தில் வானம் பற்றி மட்டுமல்ல. வெள்ளம், கொள்ளை, வரி, விலைவாசி என்று எல்லாப் பழியும் இருந்தது. இறந்த பிறகு பேரரசர் காரணத்தை மறைத்தார். பதவி முத்திரைகளை அனுப்பி, பலமுறை நேரில் போய் அஞ்சலி செலுத்தி, முன்பு எந்தத் தலைமையமைச்சருக்கும் செய்யாத சிறப்போடு அடக்கம் செய்தார்.

அடுத்த மாதமே பேரரசரும் திடீரென்று இறந்துபோனார். நோயில்லாதவர், காலையில் எழுந்தவர் அப்படியே சாய்ந்தார்.

நிமித்தத்தை நம்புகிறவர்கள் இதைப் பார்த்து, குறி பலித்துவிட்டது, பரிகாரம் போதவில்லை என்று சொல்லலாம். சிக்கல் என்னவென்றால் அந்த வசந்தத்தில் செவ்வாய் இதயத்தில் நிற்கவே இல்லை. தைவான் வரலாற்றறிஞர் ஹுவாங் யிலோங் 1990களின் தொடக்கத்தில் கோள்களின் பழைய இடங்களைக் கணக்கிட்டு, சீன வரலாற்று நூல்களில் உள்ள இந்தக் குறியின் பதிவுகள் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். மொத்தம் 23 பதிவுகள். அதில் 17 நடக்கவே இல்லை. இன்னொரு பக்கம், ஹான் காலம் தொட்டு உண்மையிலேயே செவ்வாய் இதயத்தில் நின்ற தடவைகள் நாற்பதுக்கு நெருக்கமாக வரும். அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. ஜாய் ஃபாங்ஜினின் செவ்வாய் அரசியல் பகையில் இட்டுக்கட்டப்பட்டது என்பது அவர் முடிவு.

இதைத் திறமைக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. வால்வெள்ளிகளுக்கும் கிரகணங்களுக்கும் சீனப் பதிவுகளை இன்றைய வானியலாளர்கள் தேடிப்போய்ப் படிக்கிறார்கள், அவ்வளவு கவனமானவை. ஷாங் காலத்து எலும்புத் துண்டு ஒன்றில் ‘பெருந்தீ அருகே புதிய பெரிய விண்மீன்’ என்று பொறித்திருப்பதை, மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நோவாவாக, அதாவது திடீரென்று பல மடங்கு ஒளிர்ந்து பிறகு மங்கிப்போகும் விண்மீனாக, இருக்கலாம் என்று விவாதிக்கிறார்கள். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஒரு குறியில் மட்டும் இத்தனை முறை தவறுவார்களா? அரசன் சாவு என்று நேராகச் சொல்லும் குறி என்பதால் வந்த வினை இது. உண்மையாக நடந்தபோது பதிவதற்குப் பயம். நடக்காதபோது பதிவதற்கு ஆதாயம். அரசர் செத்த பிறகு, அதற்கு முன்னால் ஒரு குறி இருந்திருக்க வேண்டுமே என்று பின்னோக்கிச் சேர்ப்பதும் உண்டு. வெளியில் இருந்து யாரும் சரிபார்க்கவும் முடியாது. கி.பி. 653இன் தாங் சட்டப்படி வானியல் கருவியோ நட்சத்திர நூலோ வீட்டில் வைத்திருந்தால் இரண்டு ஆண்டு கட்டாய உழைப்பு. அந்தத் தாங் அரசவைக்கு நிமித்தங்களை எல்லாம் 120 பாகங்களில் தொகுத்துக் கொடுத்தவர் கௌதம சித்தர், சாங்ஆனில் குடியேறிய இந்திய வானியல் குடும்பத்தில் வந்தவர். அந்தத் தொகுப்பும் வெளியுலகத்துக்குத் தெரியாமல் மறைந்து, 1616இல் ஒரு புத்தர் சிலைக்குள்ளிருந்து கிடைத்தது.

ஒரு செய்தி விட்டுப்போயிற்று. ஜாய் ஃபாங்ஜினின் இளைய மகன் ஜாய் யி, கி.பி. 7இல் ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டிருந்த வாங் மாங்குக்கு எதிராகப் படை திரட்டித் தோற்றுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் ஆளுநராக இருந்தது தோங் வட்டாரத்தில். எழுத்து வெட்டிய அந்த விண்கல் விழுந்த அதே தோங்.

பேரரசர்கள் போன பிறகு இதயம் இப்போது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. தெருவோரக் கடைகளில் விற்கும் சீன நாள்காட்டிகளில் ஒவ்வொரு நாளுக்கும் இருபத்தெட்டில் ஒன்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளும் ஒரு விலங்கும் சேர்த்திருப்பார்கள். இதயத்துக்கு நிலாவும் நரியும்: ‘இதய நிலா நரி’. 1818இல் வந்த நாவல் ஒன்று, சீனத்தை ஆண்ட ஒரே பெண் பேரரசரான வூ ஸெதியன் இந்த நரியின் அவதாரம்தான் என்று வைத்தது. நாள்காட்டிச் செய்யுளின்படி அன்றைக்கு வீடு கட்டினால் வழக்கு, சிறை. அடக்கம் செய்தால் தொடர்ந்து திடீர்ச் சாவு. கல்யாணம் செய்தால் பிள்ளைகளை இழந்து அழ வேண்டும், மூன்று ஆண்டுக்குள் அடுத்தடுத்துக் கேடு.

இந்த வரிசைக்கும் வானத்தில் நிலா இருக்கும் இடத்துக்கும் தொடர்பு கிடையாது. நாள் தவறாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவதுதான். இருபத்தெட்டு ஏழால் மீதியின்றி வகுபடும் என்பதால் ஒவ்வொரு நட்சத்திரமும் எப்போதும் ஒரே கிழமையில்தான் விழும். ஹான் பேரரசரின் உறக்கத்தைக் கெடுத்த இதயம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, தவறாமல் திங்கட்கிழமைகளில்.